சாத்துக்குடிச் சாறும் ஒரு விகுதியும்

டிசம்பர் 6, சனி

இம்மாதம் பதினைந்தாம் தேதிக்குள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால், இசக்கியம்மாள் என்ற ஆய்வு மாணவி மறுபடி படிக்க வரமுடியும் என்கிறார்கள். கொடுக்காவிட்டால் அவளை நீக்கியது நீக்கியதுதான்.

எழுதுவதா வேண்டாமா என்று பல நாளாக யோசிக்கிறேன். உண்மையில் யோசனை நடக்கவில்லை, உட்கார்ந்திருத்தல்தான் நடக்கிறது. ஆகவே செப்டம்பர் முதலான நாட்குறிப்பிலிருந்து இந்த விவகாரம் வரும் நாள்களை மட்டும் தனியே படியெடுக்கப்போகிறேன். எதையும் சேர்ப்பதில்லை, எதையும் விடுவதில்லை. பெரிய வேலை எதற்கும் முன்னால் சுருக்கம் எழுதிக்கொள்வது ஆசிரியப் பணியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கீழ்வரும் பக்கங்கள் காட்டப்போவன:

1. இதில் நானாக நுழையவில்லை. அழைத்தார்கள், போனேன்.

2. மாணவிகளின் கோரிக்கை நியாயமானது. அதை நான் என்றும் மறுத்ததில்லை.

3. துணைவேந்தர் சொன்னதை மாணவியிடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

4. சாறு கொடுத்தது ஓர் உயிரைக் காப்பாற்ற மட்டுமே.

5. மாணவர்களால் சத்தம் எழுப்ப முடியும். பல்கலைக்கழகத்தை மாற்ற முடியாது. அவர்கள் வந்து போகிறவர்கள், கட்டடம் நிற்பது.

6. இசக்கியம்மாளுக்கு நேர்ந்ததில் எனக்குப் பங்கில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் தண்ணீர் மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனது. மின்பணியாளர் நாளை வருகிறாராம். அகராதியில் ‘ல’கர விகுதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மதியம் துணைவேந்தர் தாமோதரன் போன் செய்தார். பணி ஓய்வுக்குப் பிறகு துணைவேந்தர் ஒருவர் தாமே என்னை அழைப்பது இதுவே முதல் தடவை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினேன் என்று மனைவி சுந்தரி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

விஷயம் இது. மாணவியர் விடுதிக் கதவை ஆறரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறது. அதாவது அது ஆண்களுக்கான எட்டு மணி. போன மாதம் பெண்கள் சிலர் விடுதிக்குத் திரும்பாமல் நூலகத்துக்குள்ளேயே இருந்து படித்தார்கள். நூலகத்தை மூடியதும் வெளியே படிக்கட்டு விளக்கில் உட்கார்ந்து படித்தார்கள். அவர்களில் மூத்தவள் இசக்கியம்மாள், தாவரவியல் ஆய்வு மாணவி, ஐந்தாம் ஆண்டு. எல்லாருக்கும் அபராதம், அவளுக்கு இடைநீக்கம். அவள் பல்கலைக்கழக வாசலில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருக்கிறாள். இன்று நான்காம் நாள்.

“மாணவர்களுக்கு உங்க மேல மரியாதை இருக்கு ஐயா. நாளைக்கு வந்து கொஞ்சம் பேசுங்க” என்றார்.

மரியாதை இருக்கிறதா என்பது எனக்கு ஐயமே. என்னை யாருக்கும் தெரியாது என்பதே உண்மை. தெரியாதவரை வெறுக்க முடியாதல்லவா, அதைத்தான் சொல்கிறார் போலும்.

சுந்தரி கேட்டாள்: “நீங்க எதுக்குப் போறீய? ரேஷன் கடை வரிசையிலயே முன்னால நிக்க மாட்டீய.”

“பேசத்தான் கூப்பிடுகிறார்கள்.”

“பேசத்தான் நிறையப் பேர் இருக்காங்களே. உங்களக் கூப்பிட்டா வேற எதுக்கோ கூப்பிடுதாங்க.”

செப்டம்பர் 19, வெள்ளி

மின்பணியாளர் வரவில்லை. கிணற்றில் இறைத்துக் குளித்தேன்.

துணைவேந்தர் அறையில் குளிர்ச்சி அதிகம். காபி வந்தது. பெண்ணுக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது என்று பல்கலைக்கழக மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்றைக்குள் முடித்து வைக்கவேண்டும், பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள், அடுத்து தரமதிப்பீட்டுக் குழு வேறு வரப்போகிறது என்றார்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “இடைநீக்கத்தை ரத்து செய்வீர்களா என்று அந்தப் பெண் கேட்டால் நான் என்ன சொல்ல?”

அவர் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “பார்த்துக்கலாம் ஐயா. முதல்ல எதையாவது குடிக்கட்டும்” என்றார்.

பிறகு, “உங்க அகராதி எந்த நிலைமையில இருக்கு? பதிப்புத் துறையில தூங்குதாமே? அடுத்த மாசம் அச்சுக்குப் போகும். நான் சொல்லிட்டேன்” என்றார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் தொகுத்த வினைவிகுதி அகராதி அது. நான்கு துணைவேந்தர்களைக் கண்டிருக்கிறது. இவர்தான் முதலில் அதன் பெயரைச் சொன்னவர். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ஒரே அறையில் அடுத்தடுத்துப் பேசப்பட்டன, அவ்வளவே.

உண்ணாவிரதத்தை முடித்துவைக்க நானே சாறு கொடுக்கவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னதும் சுந்தரி சாத்துக்குடி பிழிந்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றித் தட்டால் மூடிக் கையில் கொடுக்கும்போது சொன்னாள்:

“யார் கையால குடிக்காங்களோ அவங்கதான் ஜாமீன். தெரியும்லா?”

“அது கட்சிக்காரர்கள் வழக்கம்.”

“வழக்கம் வழக்கம்தான்.”

பந்தலில் நல்ல கூட்டம். மாணவர்கள் வழிவிட்டார்கள். தமிழ்த் துறை ஆசிரியர்களை ‘ஐயா’ என்றும் மற்றவர்களை ‘சார்’ என்றும் அழைப்பது இங்கே மரபு. அறிவியல் மாணவியான அவள் முதலில் “வாங்க சார்” என்றாள். பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொன்னதும் “வாங்கய்யா” என்று திருத்திக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் கேட்டது.

“கல்பாசி ஐயா. பிரியாணியில போடுவாங்கள்ல, அதேதான். மலைப்பாறையில வளரும். ரொம்ப மெதுவா வளரும், ஒரு விரக்கடை வளர இருபது வருசம் ஆகும். என்னைய மாதிரி.” சிரித்தாள். சிரித்ததில் உதட்டில் ரத்தம் வந்தது.

பிறகு நேராகக் கேட்டாள்: “இடைநீக்கத்த எடுத்துருவாங்களா ஐயா? எடுக்கலன்னா என் பதிவு இந்த வருசத்தோட முடிஞ்சிரும். அஞ்சு வருசப் பாடு.”

“துணைவேந்தர் பார்த்துக்கொள்வார் அம்மா.”

“அவரே சொன்னாரா?”

“அவரே சொன்னார்” என்றேன். சொன்னவர் அவர்தானே.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வாங்கிக் குடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் தட்டினார்கள் என்று நினைக்கிறேன். டம்ளரை வாங்கிக்கொள்ள மறந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

நாளிதழில் படம். என் கை நன்றாக விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

மோட்டார் சரியானது. உள்ளே தூசி புகுந்திருந்ததாம்.

அகராதி வேலை: ‘-லாம்’ விகுதி. இசைவு, இயலுதல், ஐயம் எனப் பொருள் மூன்று. திணை, பால், எண், இடம் எதையும் காட்டாது. ‘செய்யலாம்’ என்றால் செய்பவர் யார் என்று சொல்லே சொல்லாது. சூழலிலிருந்து நாமே கொள்ளவேண்டும். பேச்சுவழக்கில் பெரியவர்கள் உடன்பாட்டைத் தெரிவிக்கவும் இதை ஆள்வது உண்டு. ஆகவே ‘பார்த்துக்கலாம்’ என்பதை மாணவி விளங்கிக்கொள்ளும்படி ‘பார்த்துக்கொள்வார்’ என்று பெயர்த்துச் சொல்வது திரிபு ஆகாது. விளக்கம் ஆகும். எடுத்துக்காட்டுகள் தேடவேண்டும்.

அக்டோபர் 4, சனி

முருங்கையில் கம்பளிப்பூச்சி. சாம்பல் தூவினேன். பதிப்புத் துறையிலிருந்து முதல் மெய்ப்பு வந்தது. எழுத்துரு அழகு.

அக்டோபர் 11, சனி

இசக்கியம்மாளும், ஜெபஸ்டின் என்ற வரலாற்று மாணவனும் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபஸ்டின் தூத்துக்குடிப் பையன், வாய் ஓயாது. அன்று பந்தலில் அவள் காதில் சொன்னவன் அவன்தான்.

இடைநீக்கம் அப்படியே இருக்கிறதாம். ஆய்வகத்துக்குள் விடவில்லையாம். பாறையோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த பாசிக்குத் தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் காய்கிறதாம்.

“நீங்க ஒருவாட்டி அவர்ட்ட கேட்டுச் சொல்லுங்கய்யா. உங்ககிட்டதான சொன்னாரு” என்றாள்.

“கேட்கிறேன்.”

ஜெபஸ்டின் சொன்னான்: “ஐயா கேக்கலாம்னு சொல்லல, கேக்கிறேன்னு சொல்லிட்டாங்க. வா போவோம்.”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவனுக்கு எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

அக்டோபர் 13, திங்கள்

துணைவேந்தர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் இருக்கிறாராம்.

அக்டோபர் 14, செவ்வாய்

போன் செய்யவில்லை. ஒருவரைத் தொந்தரவு செய்வதற்கும் ஓர் அளவு உண்டு.

அக்டோபர் 17, வெள்ளி

பல்கலைக்கழக வாசலில் இசக்கியம்மாள் மைக்கில் பேசினாள். வீட்டு மாடியில் துணி எடுக்கப் போனபோது கேட்டது. “துணைவேந்தர் வாக்குக் கொடுத்தாரு. ஒரு பெரியவர் மூலமாக் கொடுத்தாரு. அத நம்பிக் குடிச்சேன். இப்ப வாக்குத் தவறிட்டாரு.” என் பெயரை அவள் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று சுந்தரி சொன்னாள். நான் துணிகளை மடித்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

இசக்கியம்மாள் மேல் புதிய குற்றச்சாட்டு: துணைவேந்தர் கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாகப் பொய் பரப்பினாள். விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். நிரூபணமானால் நீக்கம். சாட்சி நான் ஒருவன்தான். பந்தலில் இருந்த மாணவர்களைச் சாட்சியாக ஏற்கமாட்டார்களாம்.

இரத்த அழுத்தம் பார்த்தேன். மாத்திரையைக் கூட்டச் சொன்னார் மருத்துவர்.

அக்டோபர் 29, புதன்

விசாரணை. நீள மேசை. இந்தப் பக்கம் குழுத் தலைவரும் உறுப்பினர் இருவரும். எதிரே அவள். ஓரத்தில் எனக்கு நாற்காலி. எனக்கு மட்டும் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள்.

தலைவர் கேட்டார்: “துணைவேந்தர் உங்களிடம் என்ன சொன்னார்?”

“‘பார்த்துக்கலாம்’ என்றார்.”

“ரத்து செய்கிறேன் என்று சொன்னாரா?”

“அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.”

“நீங்கள் மாணவியிடம் என்ன சொன்னீர்கள்?”

“அவர் சொன்னதைச் சொன்னேன்.”

இசக்கியம்மாள் குறுக்கிட்டாள். “ஐயா, ‘பார்த்துக்கொள்வார்’னு சொன்னீங்க. அவரே சொன்னாரான்னு கேட்டேன். அவரே சொன்னார்னீங்க.”

தலைவர் என்னைப் பார்த்தார். “அப்படிச் சொன்னீர்களா?”

“பந்தலில் சத்தமாக இருந்தது” என்றேன்.

“மாணவி தவறாகக் கேட்டிருக்க வாய்ப்புண்டா?”

“வாய்ப்பு... உண்டாகலாம்.”

எழுத்தர் குறித்துக்கொண்டார். அவர் எழுதியதை அவள் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை.

“அப்ப எதுக்குய்யா நான் குடிச்சேன்?” என்று கேட்டாள்.

அது என்னிடம் கேட்ட கேள்வியா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டதா என்று தெரியாததால் பதில் சொல்லவில்லை. நான் சொன்னவை எல்லாம் உண்மையே. பந்தலில் சத்தம் இருந்தது. யாரையும் விசாரிக்கலாம்.

திரும்பும்போது பல்கலைக்கழகக் காரில் கொண்டுவந்து விட்டார்கள்.

சுந்தரி சாப்பாடு போட்டாள். மோர் ஊற்றும்போது, “அந்தப் பிள்ளைட்ட அன்னைக்கு என்ன சொன்னீய?” என்றாள். விகுதியின் மூன்று பொருளையும் விளக்கினேன்.

“எனக்கு இலக்கணம் வேண்டாம். என்ன சொன்னீய?”

கை கழுவ எழுந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

நீக்க ஆணை வந்துவிட்டதாம். பால்காரர் சொன்னார்.

நவம்பர் 8, சனி

இனி மாணவர்கள் என்ன செய்வார்கள்? மறுபடி பந்தல் போடுவார்கள், தொண்டை கட்டும்வரை கத்துவார்கள், தேர்வு வந்ததும் கலைவார்கள். நாற்பது ஆண்டு பார்த்திருக்கிறேன். ஆற்றில் வரும் வெள்ளம் படித்துறையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுப் போவதுபோல. படித்துறை அங்கேயே இருக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

பந்தல் இல்லை. முழக்கம் இல்லை. நூலகத்தில் மட்டும் வரிசை. வாசல்வரை நின்று, வாகன நிறுத்தம்வரை வளைந்திருக்கிறது. தேர்வு நெருங்குகிறது, படிக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மெய்ப்பில் ஒரு மேற்கோளைச் சரிபார்க்க நூலகம் போனேன். இலக்கண அடுக்கு வெறுமையாக இருந்தது. அடுத்த அடுக்கும். அதற்கடுத்ததும். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பல் பிடுங்கிய வாய்போல எல்லா அடுக்கும் காலி.

நூலகர் முத்திரை குத்திக் குத்தித் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எல்லாம் முறைப்படிதான் ஐயா. ஆளாளுக்கு அட்டையில எவ்வளவு எடுக்கலாமோ அவ்வளவு எடுக்கிறான். பதினாலு நாள் வச்சுக்கலாம். நடுவில திருப்பிக் கேக்க விதியில இடமில்ல. விதியில கையெழுத்துப் போட்டதே துணைவேந்தர்தான்.”

தரமதிப்பீட்டுக் குழு வரும் திங்கள் வருகிறது. முதலில் பார்ப்பது நூலகத்தை.

வெளியே ஜெபஸ்டின் கோழிப்பண்ணை மேலாண்மை நூல்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“வரலாற்று மாணவனுக்கு இது எதற்கப்பா?”

“ஆறரைக்குமேல பொம்பளப் பிள்ளைங்க நூலகத்துக்குப் போக முடியலல்லா ஐயா? அதான் நூலகத்த விடுதிக்குக் கொண்டுபோறோம். என் பங்குக்குக் கோழி வந்திருக்கு.”

பெண்கள் விடுதி முற்றத்தில் நூல்கள் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருப்பது சாலையிலிருந்தே தெரிந்தது. தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, ஈரம் படாமல் பலகைமேல் வைத்திருக்கிறார்கள். துறைவாரியாக அடுக்கியிருந்தார்கள். நூலகத்தில்கூட அப்படி ஒழுங்கு கிடையாது.

என் பழைய நூலும் அடுக்கில் இல்லை. அச்சேறிய நாள்முதல் யாரும் தொட்டிராத நூல். யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் துணைவேந்தர் கையெழுத்திட்ட ஆணை விடுதி வாசலுக்கு வந்துவிட்டது. நூலகம் எல்லாருக்கும் ஒன்பது மணிவரை. விடுதிக் கதவு ஒன்பதரைக்கு. அபராதங்கள் ரத்து. மாணவிகள் ஆணையைக் கையில் வாங்கி, வாய்விட்டுப் படித்து, முத்திரையைச் சரிபார்த்த பிறகுதான் நூல்களை எடுத்தார்கள். கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய் அடுக்கினார்கள். குழுவின் கார் நுழையும்போது கடைசி அடுக்கு நிரம்பிக்கொண்டிருந்ததாம்.

இசக்கியம்மாளைப் பற்றி ஆணையில் ஒன்றுமில்லை.

ஜெபஸ்டின் அதைக் கேட்டானாம். துணைவேந்தர் சொன்னாராம்: “மத்ததெல்லாம் என் கையில இருக்கு தம்பி, மாத்திட்டேன். அது விசாரணையில நிரூபணமானது. உங்க பேராசிரியர் ஐயாவே சாட்சி. சாட்சியை நான் எப்படித் திருத்தறது?”

நவம்பர் 18, செவ்வாய்

கொய்யா பழுத்துவிட்டது. அணில் முந்திக்கொள்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

ஜெபஸ்டின் வந்தான். தனியாக. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஆட்சிக்குழுவிடம் இசக்கியம்மாள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். டிசம்பர் பதினைந்து கடைசி நாள். “துணைவேந்தர் பார்த்துக்கொள்வார் என்று மாணவியிடம் நான் சொன்னேன்.” இந்த ஒரு வரியில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறான். அவள் பொய் பரப்பவில்லை, கேட்டதைச் சொன்னாள் என்றாகும். நீக்கம் நிற்காது.

“நூல்களைத் திருப்பாமல் வைத்திருந்தால் அவளையும் சேர்த்து வாங்கியிருக்கலாமே” என்றேன். குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

“நாங்களும் அதான் சொன்னோம். அக்கா ஒத்துக்கல. ‘பிள்ளைகளுக்குக் கேட்டது கிடைச்சிட்டு, எந்திரிங்க. என் காரியத்த நான் பாத்துக்கிடுதேன்’னுட்டாங்க.”

பாத்துக்கிடுதேன். தன்மை ஒருமை. நெல்லைப் பக்கத்து நிகழ்காலம். செய்பவர் யார் என்பதில் ஐயமே இல்லை.

“யோசித்துச் சொல்கிறேன்” என்றேன்.

அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னான்: “ஐயா, அவ்வளவு பெரிய நூலகத்த நாங்க மூணு நாள்ல காலி பண்ணிட்டோம். உங்க வாயில இருந்து ஒரே ஒரு சொல்லு. அது வரமாட்டேங்கு.”

சுந்தரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தனுப்பினாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

இறுதி மெய்ப்பு தயாராகிறதாம். முகப்பில் துணைவேந்தரின் வாழ்த்துரை உண்டாம். நான் கேட்கவில்லை. அவர்களாகவே சேர்த்திருக்கிறார்கள்.

(படியெடுக்க வேண்டிய பழைய பக்கங்கள் இத்துடன் முடிகின்றன. இனி வருபவை அன்றன்று எழுதுபவை.)

டிசம்பர் 12, வெள்ளி

இசக்கியம்மாள் வந்தாள். மூன்று மணி இருக்கும். நான் தூங்கவில்லை, ஆனால் தூங்குவதாகச் சொல்லச் சொல்லி சுந்தரிக்கு ஜாடை காட்டினேன். அவள் கதவை அகலத் திறந்து, “முழிச்சுத்தாம்மா இருக்காங்க, வா” என்றாள்.

கையில் எங்கள் டம்ளர். புளி போட்டு விளக்கியிருந்தாள், பளபளவென்று இருந்தது.

“அன்னைக்கே கொடுத்திருக்கணும். விடுதிச் சாமானோட கலந்து போச்சி.”

சுந்தரி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னையும் அவளையும் தனியே விட வேண்டுமென்றே போனாள். பாசி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“செத்துப்போச்சி ஐயா. கொஞ்சம் இருக்கு. ஜெபஸ்டின் சன்னல் வழியாத் தண்ணி தெளிச்சுப் பாத்தான். வரலாறு படிச்சவன், ரொம்ப ஊத்திட்டான்.” கொஞ்சம் சிரித்தாள். “மதுரையில மசாலாக் கம்பெனியில வேலை சொல்லியிருக்காங்க. கல்பாசி தரம் பிரிக்கிற வேலை. அஞ்சு வருசம் நுண்ணோக்கியில பாத்தத இனிமே முறத்துல பாக்கணும். மேல்முறையீடு முடிவு தெரியட்டும்னு பதினாறாந் தேதி வாரேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“திங்கட்கிழமைவரை நேரம் இருக்கிறது” என்றேன்.

“இருக்கு ஐயா.” என் முகத்தைப் பார்த்தாள், பந்தலில் பார்த்தது போலவே. “நான் தப்பாக் கேட்டேனா ஐயா? குழுவுக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்க. பசியில இருந்தேன்லா, நெசமாவே தப்பாக் கேட்டிருப்பேனோன்னு இப்ப எனக்கே சந்தேகம் வருது. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

தெருவில் ஒரு லாரி போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போன பிறகும் அவள் காத்திருந்தாள்.

“திங்கட்கிழமை வருகிறேன் அம்மா, அலுவலகத்துக்கு” என்றேன்.

“வருகிறேன்” என்றுதான் சொன்னேன். இதை இங்கே தெளிவாகக் குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பேனாவில் மை நிரப்பினேன். கிளம்பும் நேரத்தில் பதிப்புத் துறையிலிருந்து ஆள் வந்தார். இறுதி மெய்ப்பு. இன்றே பார்த்துக் கொடுத்தால் பொங்கலுக்கு முன் நூல் வந்துவிடும், இல்லையென்றால் அடுத்த நிதியாண்டு என்றார்.

கொஞ்சம் புரட்டிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். பிழை மலிந்து கிடந்தது. ‘-லாம்’ இருக்கும் பக்கத்தில் ‘ஐயம்’ என்பது ‘ஐயா’ என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்தினேன். பிறகு அடுத்த பக்கம்.

மதியம் சுந்தரி, “போகலையா?” என்றாள்.

“இதோ.”

மாலையில் மறுபடி வந்து நின்றாள். அலுவலகம் மூடும் நேரம் கடந்துவிட்டிருந்தது. அவள் கையில் அந்த டம்ளர். சாத்துக்குடிச் சாறு. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“நாளைக்குப் போய்க் காரணம் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள்தானே. ஏற்றுக்கொள்வார்கள்” என்றேன்.

“குடிங்க” என்றாள். “பாத்துக்கலாம்.”

டிசம்பர் 16, செவ்வாய்

போகவில்லை. இசக்கியம்மாள் காலை வண்டிக்கே மதுரைக்குப் போய்விட்டாளாம். பால்காரர் சொன்னார்.

மாலையில் நடக்கப் போனேன். நூலகத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. மேல்மாடி சன்னலோரம் வரிசையாகப் பெண்கள். ஒருத்தி சடையைப் பின்னிக்கொண்டே படித்தாள். ஒருத்தி மேசையில் தலைவைத்துத் தூங்கினாள். யாரும் அவளை எழுப்பவில்லை. இருட்டிய பிறகும் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலில் புதிதாக ஒரு கல் பதித்திருக்கிறார்கள், துணைவேந்தர் பெயரோடு. அதன்மேல் யாரோ ஒரு மாணவன் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து படியெடுத்ததையும் தொடக்கத்தில் எழுதிய சுருக்கத்தையும் ஒப்பிட்டேன். முறையாகச் செய்யும் வேலையில் இது கடைசிப் படி. திருத்தம் ஒன்று தேவைப்படுகிறது.

ஐந்தாம் எண் தவறு. மாணவர்களால் மாற்ற முடிகிறது. சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

மற்றவற்றையும் பலமுறை படித்துப் பார்த்தேன். அவை இருந்தபடியே இருக்கலாம்.